ஔவை என்னும் பெயர் பெற்ற ஆண்மகன்

ஆண்மகன் ஒருவனைப் பெண்ணின் பெயரிட்டு அழைத்தால் அது நம் தெருக்களில் வசையாகவே வழங்குகிறது. பள்ளிப் பருவத்தில் நடையிலோ குரலிலோ சற்றே மென்மை காட்டிய பையன்களுக்கு அவ்வகைப் பெயர்கள் எத்தனை விரைவில் சூட்டப்பட்டன என்பதை நம்மில் ஒவ்வொருவரும் அறிவோம். சூட்டியவர்களாகச் சிலர் அறிவோம், சூட்டப்பட்டவர்களாகச் சிலர் அறிவோம். அதே தமிழகம் ஒருமுறை முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு கிழவியின் பெயரைப் பட்டமாக அளித்தது. அவரும் அதைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டு, அப்பெயராலேயே சட்ட மேலவையில் அமர்ந்து, அப்பெயராலேயே மறைந்தார். ஔவை தி. க. சண்முகம் அவர்களின் வாழ்க்கையை நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் எழுதுவதற்கு இந்த ஒரு செய்தியே எனக்குப் போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசுவது பொருந்தாத செயலன்று. ஆயர்பாடி அசோதையாகத் தம்மை வரித்துக்கொண்டு கண்ணனைத் தாலாட்டிய பெரியாழ்வார் நம் ஊரினர். குழந்தையை நீராட்டவும் பூச்சூட்டவும் அழைத்த அந்தக் குரல் ஓர் ஆண்மகனின் குரல் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அத்தனை இயல்பாக அது நம் செவியில் படிந்துவிட்டது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகினர். கூம்பிய குல்லாய் அணிந்து, தாளம் ஏந்தி நம் கோயிலில் சேவை செய்யும் அரையர்கள் அந்தப் பெண்மொழியைத் தம் மெய்ப்பாட்டால் இன்றும் நிகழ்த்துகிறார்கள். அதற்கும் முன்னே சங்கப் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று அகப்பாட்டு இசைத்தார்கள். நம் வட்டத்துக் கவிஞர்களில் ஆடவர் பலரும் பெண்கூற்றாகக் கவிதை எழுதி நம் கூட்டங்களில் படித்திருக்கிறார்கள்; யாரும் நகைத்ததில்லை. ஏட்டில் நகைப்புக்கு இடமில்லாத ஒன்று உடலில் ஏறும்போது மட்டும் ஏன் நகைப்புக்குரியதாகிறது? இந்த வினாவோடு சண்முகனாரிடம் செல்வோம்.

அவர் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் தி. சு. கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகரே. அதிலும் பெண்வேடம் புனைவதில் பெயர் பெற்றவர். ஆகவே ஒப்பனை மேசைக்கு முன்னமர்ந்து ஓர் ஆண்முகம் பெண்முகமாக மாறுவதை விந்தையாகவோ இழிவாகவோ கருதாமல், குடும்பத் தொழிலாகக் கண்டு வளர்ந்த பிள்ளை அவர். மூத்தவர் சங்கரன், அடுத்தவர் முத்துசாமி, மூன்றாமவர் சண்முகம், இளையவர் பகவதி என நால்வரும் கலைக்கே வந்தனர். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழகம் முழுவதும் அறிந்த நால்வர் இவர்களே.

1918ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுவனாக, மதுரையில் சங்கரதாச சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சண்முகம் சேர்ந்தார். பாலர் நாடகக் குழு என்பது எத்தகைய உலகம் என்பதை இன்றைய வாசகர்க்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். பெற்றோர் பிள்ளைகளை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றுவிடுவர். கம்பெனி வீடு என்று ஒரு வீடு. அதில் உண்டி, உறக்கம், பாடம், அடி அனைத்தும். விடியலில் பாட்டு, பகலில் வசனப் பாடம், இரவில் கொட்டகை. ஒரு சிறுவனுக்கு ராஜபார்ட்டு, ஒருவனுக்குக் கள்ளபார்ட்டு, ஒருவனுக்குப் பபூன், ஒருவனுக்கு ஸ்திரீபார்ட்டு என வாத்தியார் பகுத்துவிடுவார். முகவெட்டும் குரலுமே அதற்கு அளவுகோல். சிறுவனின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. ஸ்திரீபார்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவன் தலைமுடியை வளர்க்க வேண்டும். நடக்கவும் நாணவும் அழவும் தனியே பழக வேண்டும். கொட்டகையில் அவன் தமயந்தி, சாவித்திரி, சீதை. அவன் அழுதால் பெண்கள் பகுதியிலிருந்து விம்மல் எழும். காலையில் அதே சிறுவன் தெருவில் நடந்தால் பின்னால் சீழ்க்கை ஒலி கேட்கும்.

பிறகு மகரக்கட்டு வரும். குரல் உடையும் அப்பருவத்தை நாடகத்தார் இப்பெயரால் சுட்டுவர். நேற்றுவரை ஊரை அழவைத்தவனுக்கு ஒரு திங்களில் வேலை இல்லாமல் போகும். குரல் திரும்பி வந்தவர் சிலர் ராஜபார்ட்டு ஆயினர். வராதவர் படுதா இழுத்தனர், பெட்டி சுமந்தனர், ஊர் திரும்பினர். அவர்களுள் பெண்மையை அரிதாரத்தோடு துடைத்தெறிய இயலாத சிலரும் இருந்திருக்க வேண்டும். பெண்ணாக இருந்த அந்தச் சில ஆண்டுகளே தம் மெய்யான வாழ்வு என்று உணர்ந்த உள்ளங்கள் அவை. நாடக வரலாறுகள் ராஜபார்ட்டுகளின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கின்றன. ஸ்திரீபார்ட்டுச் சிறுவர்களில் பெரும்பாலோர் பெயரின்றியே போனார்கள்.

சண்முகனாருக்கு நற்பேறு வேறு விதமாக வாய்த்தது. சுவாமிகள் அவரிடம் கண்ட திறத்தால் அவருக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சுவாமிகள். நம் தென்பாண்டிச் சீமையின் மைந்தர். அவர் எழுத்தில் அருவி போல் விழும் பாடல்களை இன்றும் நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமணம் நாடகங்களில் கேட்கலாம். பிள்ளைகளைப் பிரம்பால் திருத்தியவர். அதே பிள்ளைகளுக்காக உறங்காமல் எழுதியவர். பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த நிலையிலும் குழுவோடே இருந்த அவர், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். பத்து வயதுச் சண்முகத்துக்கு அது இரண்டாம் தந்தையின் இழப்பு. பின்னாளில் சுவாமிகளின் பெயரையும் நூல்களையும் நிலைநிறுத்த அவர் உழைத்த உழைப்பு இந்தக் கடனிலிருந்து பிறந்தது.

1925ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் சகோதரர்கள் தமக்கென ஒரு குழுவைத் தொடங்கினர். அதற்கு மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்று பெயரிட்டனர். அப்போது சண்முகனாருக்குப் பதின்மூன்று வயதும் நிரம்பவில்லை. புராண நாடகங்களோடு நில்லாமல், கந்தசாமி முதலியாரின் பயிற்சியில் சமூக நாவல்களையும் மேடையேற்றினர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா அவற்றுள் புகழ் பெற்றது. 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி முதலியோர் இக்குழுவில் உருவானவர்கள். அண்ணன் முத்துசாமி பெண்வேடங்களில் நடித்ததோடு, குமாஸ்தாவின் பெண் நாடகத்தையும் எழுதினார். வரதட்சணைக் கொடுமையில் சிக்கிய பெண்களின் துயரத்தைத் தமிழ் மேடையில் பேசிய அந்நாடகத்தை, மேடையில் பெண்ணாக வாழ்ந்து பழகிய ஒருவர் எழுதினார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் நட்பும் பின்னர் ம. பொ. சிவஞானத்தின் தொடர்பும் சண்முகனாரை நாட்டுணர்விலும் தமிழுணர்விலும் ஆழ்த்தின. அவ்வரசியலை இங்கு விரிக்கத் தேவையில்லை.

1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில்தான் ஔவையார் நாடகம் மேடையேறியது. ஔவையாக நடித்தவர் சண்முகம்.

இதிலுள்ள துணிவைக் கூர்ந்து நோக்க வேண்டும். அதுவரை ஆண்கள் புனைந்த பெண்வேடம் பெரும்பாலும் இளமையின் வேடம்; அழகின் வேடம். கண்ணுக்கு மை, கூந்தலுக்குப் பூ, இடைக்கு ஒட்டியாணம். பார்வையாளர் அதில் கண்டது ஒரு மயக்கம். மயக்கம் தெளிந்ததும் எழுவதே ஏளனம். சண்முகம் மகரக்கட்டைத் தாண்டி வந்த முழு ஆடவர், குழுவின் தலைமை நடிகர், முப்பது வயதினர். அவர் நினைத்திருந்தால் அதியமானாக நடித்திருக்கலாம். வாளும் முடியும் அவருக்குப் பொருந்தியிருக்கும். அவர் கோலை ஊன்றினார். நரைமுடியும் வெள்ளைச் சேலையும் தரித்து, முதுகைக் கூன வைத்து, நாடகம் முடியும்வரை நிமிராமல் நின்றார், நடந்தார், பாடினார்.

ஔவை தாமும் பெண்மையின் வழக்கமான இலக்கணத்தை உதறியவர் என்பது கதை. மணவினைக்கு அஞ்சி, இளமையையும் எழிலையும் மாற்றித் தருமாறு பிள்ளையாரை வேண்டி, கன்னிப் பருவத்திலேயே கிழவியான கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டோம். மனைவி ஆகாதவர், தாய் ஆகாதவர், ஊர் ஊராகத் தனியே நடந்தவர், வேந்தர் அவையில் சமமாக அமர்ந்து கள்ளும் நெல்லிக்கனியும் பெற்றவர், தொண்டைமானிடம் தூது போனவர். சங்க ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்று அறிஞர் பகுப்பர், அது சரியே. ஐம்பத்தொன்பது சங்கப் பாடல்கள் ஔவையின் பெயரில் உள்ளன; அவற்றைப் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒருவராக இருக்க இயலாது. ஆனால் மக்கள் மனத்தில் அவர்கள் ஒரே கிழவி. நாடகமும் அந்த ஒரே கிழவியையே எடுத்துக்கொண்டது. ஆண் பெண் என்னும் இரண்டு பெட்டிகளுக்குள்ளும் அடங்காமல் நடந்து திரிந்த அக்கிழவியை ஓர் ஆண் உடல் ஏந்தியபோது, பார்த்தவர்க்கு அது பொய்வேடமாகத் தோன்றவில்லை. குழந்தைகள் பாட்டி என்றே அவரை நம்பினார்கள்.

நாடகம் நூற்றுக்கணக்கான முறை நடந்தது. ஊர்கள் அவரை ஔவை சண்முகம் என்று அழைக்கத் தொடங்கின. யாரேனும் ஒரு மன்னரோ மடாதிபதியோ பொன்னாடை போர்த்தி அளித்ததால் மட்டுமே நிலைத்த பட்டமன்று அது. மக்கள் வாயில் புழங்கி உறுதிப்பட்ட பெயர். இராஜபார்ட்டு நடிகர்களுக்கு வழங்கிய சிங்கம், புலி, ஏறு, திலகம் ஆகிய அடைமொழிகளிடையே இந்தக் கிழவியின் பெயர் தனித்து நின்றது. மற்றொருவர் என்றால் சில ஆண்டுகளில் அதை நழுவவிட்டு, வீரப் பெயர் ஒன்றைத் தேடியிருப்பார்.

இதே காலத்தில் எதிர்த் திசையிலிருந்தும் ஒருவர் நடந்து வந்தார். அவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின், ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டவர் அவர். அந்த உறுதியைக் காத்துக்கொண்டே 1935இல் பக்த நந்தனார் திரைப்படத்தில் நந்தனாராக, ஓர் ஆணாக, நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அந்நாளில் நாடே வியந்த செய்தி. பின்னர் 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ஔவையார் படத்தில் அவரே ஔவையானார். ஆணாக நடித்த பெண்ணும் பெண்ணாக நடித்த ஆணும் ஒரே கிழவியின் கோலைக் கைமாற்றிக்கொண்டார்கள். திரைப்படத்தின் வீச்சு பெரிது. இன்று ஔவை என்றால் பலர்க்குச் சுந்தராம்பாளின் முகமே நினைவுக்கு வரும். பட்டம் மட்டும் சண்முகனாரிடமே தங்கிவிட்டது.

மராத்தி மேடையில் பால கந்தர்வர் என்னும் நடிகர் சேலை உடுத்திய பாங்கைக் குலமகளிர் பார்த்துப் பின்பற்றினர். சப்பானியரின் கபுகி நாடகத்தில் பெண்வேடம் புனைவோர் தலைமுறை தலைமுறையாக மதிப்புப் பெறுகின்றனர். நம்மிடமும் அத்தகைய ஆழ்ந்த உறவுகள் இருந்தன. பம்மல் சம்பந்த முதலியார், தம் நாடகங்களில் நெடுங்காலம் நாயகியாக உடன் நடித்த நண்பர் ரங்கவடிவேலுவைப் பற்றித் தம் நாடக மேடை நினைவுகளில் எழுதியுள்ள பகுதிகளைப் படித்தவர்கள், அந்த நட்பின் ஆழத்தையும் பிரிவின் துயரையும் மறக்க மாட்டார்கள். அதற்கு இன்று நாம் எந்தப் பெயரும் இட வேண்டியதில்லை. அவர்கள் இடாத பெயரை நாம் இடுவதும் நேர்மையாகாது. சண்முகனாரைப் பற்றியும் அவ்வாறே. அவர் குடும்ப வாழ்வு வாழ்ந்தவர். அவருடைய அகத்தைத் துருவுவது என் நோக்கமன்று. அவர் ஏற்படுத்திய இடம் எத்தகையது என்பதே என் அக்கறை.

அந்த இடம் குறுகியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழவியாக வந்ததால் அவருக்கு மரியாதை கிடைத்தது. இளம்பெண்ணாக வந்த சிறுவர்களுக்குக் கிடைக்கவில்லை. காமத்தின் சாயல் அற்ற பெண்மையை மட்டுமே ஆண் உடலில் ஏற்க ஊர் இசைந்தது. பெண்வேடங்களுக்குப் பெண்களே வரத் தொடங்கியதும், சண்முகனாரின் குழுவிலேயே எம். எஸ். திரௌபதி போன்ற சிறந்த நடிகையர் நாயகியராயினர். அது பெண்கலைஞர்க்கு நேர்ந்த நன்மை, வரவேற்கத்தக்கது. ஆயினும் அத்துடன், ஆண் பெண்ணாக நடிப்பது கலை என்னும் நிலையிலிருந்து கோமாளித்தனம் என்னும் நிலைக்கு மெல்ல இறங்கியது. திரைப்படங்களில் அது சிரிப்புக் காட்சியாகவே எஞ்சியது. சண்முகனாரின் குழுவில் குழந்தை நடிகராக இருந்த கமல்ஹாசன் 1996இல் ஒரு முதிய மாதுவாக வேடமிட்டு எடுத்த படத்துக்கு ஔவை சண்முகி என்று பெயரிட்டார். அது நகைச்சுவைப் படமே. ஆயினும் பெயரில் குருவணக்கம் இருந்தது.

திருநங்கையர் தாமே மேடையேறித் தம் கதையைத் தாமே நிகழ்த்தும் காலம் அதற்குப் பின்னரே வந்தது. ஆ. ரேவதி தம் வாழ்க்கையை வெள்ளை மொழி என்னும் நூலாக எழுதியதோடு, அ. மங்கையின் நெறியாள்கையில் அதைத் தனிநடிப்பாகவும் நிகழ்த்தினார். லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் நான் வித்யா என்னும் நூலைத் தந்தார், நடிகராகவும் விளங்கினார். 2008இல் தமிழக அரசு திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டத்தில் ஏற்றது. இந்த மேடையில் ஏறியவர்களுக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. மகரக்கட்டில் காணாமற்போன அந்தச் சிறுவர்களுள் சிலரின் குரல் எண்பது ஆண்டுகள் கழித்து இவர்கள் வாயிலாக ஒலித்ததாகவே நான் கேட்டேன்.

சண்முகனாரின் பிற பணிகளைச் சுருக்கமாகக் கூறலாம். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டை முன்னின்று நடத்தினார். அரு. இராமநாதன் எழுதிய இராசராச சோழன் நாடகத்தை அவர் குழு 1955இல் மேடையேற்றியது. 1962இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 1971இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1972இல் எனது நாடக வாழ்க்கை என்னும் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். கம்பெனி வீட்டின் சோறும் பிரம்பும் சிரிப்பும் அதில் உள்ளபடி பதிவாகியுள்ளன. தமிழ் நாடகத்தை அறிய விரும்பும் நம் வட்டத்து இளங்கவிஞர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல் அதுவே என்பேன்.

1973ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த மாதமே அவர் குழுவின் இராசராச சோழன் திரைப்படமாக, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. அதை இயக்கிய ஏ. பி. நாகராஜன், சண்முகனாரின் குழுவில் ஸ்திரீபார்ட்டுச் சிறுவனாக இருந்தவர். அதில் பேரரசனாக நடித்த சிவாஜி கணேசனும் பாலர் குழுவில் சீதையாக மேடையேறித் தொடங்கியவர். பார்த்த ஊர் அதை நினைவில் வைத்திருந்ததா என்று சொல்ல இயலாது. திரையில் வாளும் முடியுமே தெரிந்தன.

சென்னையில் லாயிட்சு சாலை என்று வழங்கிய நெடுஞ்சாலைக்கு ஔவை சண்முகம் சாலை என்று பெயர் சூட்டினார்கள். பின்னாளில் அதன் ஒரு பகுதிக்கு வேறு பெயர் வந்துவிட்டது. எஞ்சிய பகுதியில் அஞ்சல்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் கடைக்காரரும், ஓர் ஆணின் பெயரையும் ஒரு கிழவியின் பெயரையும் சேர்த்து, சிரிப்பு ஏதுமின்றி, நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.